மலை இறங்கிச் சட்டம் படிக்க: முழுக் கட்டண உதவித்தொகைகளும் அவற்றுக்குப் பெயர் தந்தவர்களும்

நீலகிரியில் சட்டக் கல்லூரி கிடையாது. கொடைக்கானலிலும் கிடையாது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பிள்ளைகளுக்குப் பக்கம் கோவை அரசு சட்டக் கல்லூரி. பழனி மலைப் பக்கம் இருப்பவர்களுக்கு மதுரை அல்லது தேனி. சட்டம் படிக்க நினைத்தால் மலை இறங்கித்தான் ஆக வேண்டும். அதனால் 'முழுக் கட்டணமும் இலவசம்' என்று அறிவிப்பில் பார்த்ததுமே நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். கட்டணம் ஒரு செலவு, இறங்கிப் போய்த் தங்கிச் சாப்பிடுவது வேறொரு செலவு. பெரும்பாலான உதவித்தொகைகள் முதல் செலவை மட்டும்தான் ஏற்கும்.

சட்டப் படிப்புக்கான பெரிய உதவித்தொகைகளில் பல ஒரு மனிதரின் பெயரைத் தாங்கி நிற்பவை. விண்ணப்பிப்பவர்கள் அந்தப் பெயரைத் தாண்டிப் போய்த் தொகையைத்தான் பார்க்கிறார்கள். அங்கேதான் தவறு தொடங்குகிறது. கொடுத்தவர் யாருக்குக் கொடுக்க நினைத்தார், எதற்காகக் கொடுத்தார் என்பதெல்லாம் நிபந்தனைகளாக அந்தப் பெயருக்குள் இருக்கும். அது தெரிந்தால் கட்டுரையில் எதை எழுதுவது, எந்த ஆண்டில் பணம் நின்றுபோகும், பதிலுக்கு நம்மிடம் என்ன கேட்பார்கள் என்பது மூன்றும் தெரிந்துவிடும்.

அம்பேத்கருக்குக் கிடைத்தது எப்படிப்பட்ட உதவித்தொகை?

1913இல் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அம்பேத்கருக்குக் கொடுத்தது மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும், படித்து முடித்ததும் பரோடா அரசில் 10 ஆண்டுகள் வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அங்கிருந்து லண்டன் போய், வழக்கறிஞர்களை உருவாக்கும் கிரேஸ் இன் என்ற அமைப்பிலும் லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் சேர்ந்தார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பு பாதியில் நிற்க, திரும்பி வந்தார். பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தவருக்குச் சாதியின் பெயரால் தங்க இடம்கூடக் கிடைக்கவில்லை. வேலையை விட்டார். பிறகு பம்பாயில் பேராசிரியராக வாங்கிய சம்பளத்தில் சேர்த்த பணம், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, நண்பரிடம் வாங்கிய கடன் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு 1920இல்தான் மறுபடி லண்டன் போக முடிந்தது.

ஒரு நூற்றாண்டு ஆன பிறகும் எந்த உதவித்தொகை அறிவிப்பை எடுத்தாலும் இந்த மூன்று கேள்விகளைத்தான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது: எத்தனை ஆண்டுக்கு? எந்தச் செலவுக்கு? பதிலுக்கு என்ன? ஐந்தாண்டுப் படிப்புக்கு 'முதலாம் ஆண்டுக் கட்டணம் முழுவதும்' என்று தருகிற அறிவிப்புகள் நிறைய. அவற்றை முழுக் கட்டண உதவித்தொகை என்று எண்ணி மற்ற வாய்ப்புகளை விட்டுவிட்டால், இரண்டாம் ஆண்டு ஜூனில் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகும்.

கட்டணத் தாளைப் பிரித்துப் பாருங்கள்

கல்லூரி இணையதளத்தில் இருக்கும் கட்டண அட்டவணையை ஒரு நோட்டில் ஐந்து வரியாகப் பிரியுங்கள்: டியூஷன் கட்டணம்; ஆண்டுதோறும் வரும் மற்றவை (நூலகம், தேர்வு, இணையம், மூட் கோர்ட் என்ற மாதிரி நீதிமன்றப் பயிற்சி); ஒருமுறை கட்டுவது; திருப்பிக் கிடைக்கும் வைப்புத்தொகை; ஹாஸ்டலும் மெஸ்ஸும். உதவித்தொகை அறிவிப்பில் 'டியூஷன்' என்ற சொல் மட்டும் இருந்தால் முதல் வரிக்கு மட்டுமே பணம் வரும். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஹாஸ்டலோடு சேர்ந்த வளாகங்கள் என்பதால், மிச்ச நான்கு வரிகளும் சேர்ந்து சில இடங்களில் டியூஷனை நெருங்கிவிடும்.

இன்னொன்று, பணம் வரும் நேரம். அரசு உதவித்தொகைகள் பலவும் கல்லூரி திறந்து பல மாதம் கழித்தே கணக்கில் விழும். சேர்க்கையின்போது முழுத் தொகையையும் கையிலிருந்து கட்டச் சொல்லும் கல்லூரிகள் இருக்கின்றன. உதவித்தொகை அனுமதிக் கடிதத்தைக் காட்டி அவகாசம் கேட்கலாமா என்று சேருவதற்கு முன்பே கல்லூரி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சு செமஸ்டர் மாறினால் மறந்துபோகும்.

கொடைப் பணம் எப்படி ஓடுகிறது

ஆண்டுக்கு 2 லட்சம் கட்டணத்தை ஒரே ஒரு மாணவருக்கு என்றென்றைக்கும் கட்ட வேண்டுமானால், 6.5 சதவீத வட்டியில் கிட்டத்தட்ட 31 லட்சம் ரூபாயை வைப்பில் போட வேண்டும். வட்டி 5.5 சதவீதமாக இறங்கினால் அதே 31 லட்சத்தில் 1.7 லட்சம்தான் வரும். கட்டணமோ ஏறிக்கொண்டே போகும். பல பழைய நினைவு உதவித்தொகைகள் பெயரளவில் 'முழுக் கட்டணம்' என்று தொடங்கி இன்று புத்தகச் செலவுக்குக்கூடப் போதாமல் கிடப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான், யாரும் பணத்தைத் தின்றுவிட்டதால் அல்ல. எனவே சென்ற ஆண்டு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேளுங்கள். அறக்கட்டளைப் பத்திரத்தில் எழுதியிருப்பது வேறு, கைக்கு வருவது வேறு.

கொடையாளர் விருப்பம் அப்படியே நிற்கும் என்றும் சொல்ல முடியாது. பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தபோது உயிலில் எழுதிவைத்தவை பெரும்பாலும் கோயில் தருமங்கள். சொத்துத் தகராறு பல பத்தாண்டுகள் பிரிட்டிஷ் காலத்துச் சென்னை உச்ச நீதிமன்றத்தில் இழுபட்டு, அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டனின் முயற்சியில் ஒரு வழிக்கு வந்து, மிஞ்சிய பணத்தில் 1842இல் பள்ளிக்கூடம் திறந்தது. தமிழ்நாட்டில் கல்விக் கொடை என்றால் முதலில் நினைவுக்கு வரும் பெயர் ஒரு நீதிமன்ற ஆணையால்தான் கல்விக்கு வந்து சேர்ந்தது என்பதைச் சட்ட மாணவர் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நேர்காணலிலும் கைகொடுக்கும்.

அரசு வழி: மலைப் பிள்ளைகளுக்கு இதுதான் முதல் கதவு

தனியார் விருதுகளைத் தேடி ஓடுவதற்கு முன் இதைப் பாருங்கள். 2021இல் தமிழ்நாடு இயற்றிய சட்டப்படி, பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம் போலச் சட்டப் படிப்பிலும் 7.5 சதவீத இடம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்பதாக அறிவித்தது. ஹாஸ்டலையும் சேர்த்து ஏற்கும் உதவி அபூர்வம். நிபந்தனை: 6ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளி. பழங்குடியினர் நலப் பள்ளி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி எல்லாம் கணக்கில் வரும். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் 8 வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் தகுதியுள்ளவர்களே.

வழுக்குகிற இடம் அரசு உதவி பெறும் பள்ளி. குன்னூரிலும் கொடைக்கானலிலும் மிஷன் நடத்தும் உதவி பெறும் பள்ளிகள் அதிகம். வீட்டில் எல்லோரும் அதை 'கவர்மெண்ட் ஸ்கூல் மாதிரிதானே' என்பார்கள். இந்த ஒதுக்கீட்டுக்கு அது அரசுப் பள்ளி ஆகாது. இடையில் ஒரே ஓர் ஆண்டு அங்கே படித்திருந்தாலும் தகுதி போய்விடும். படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு படிப்புச் சான்று வாங்க வேண்டும் என்பதால், கூடலூரில் ஆறாவது, மஞ்சூரில் ஒன்பதாவது என்று மாறி மாறிப் படித்தவர்கள் இந்த வேலையை ஜனவரியிலேயே தொடங்கிவிடுங்கள். மே மாதம் பள்ளி அலுவலகம் பூட்டிக் கிடக்கும்.

அடுத்தது முதல் பட்டதாரிச் சலுகை. வீட்டில் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. அண்ணனோ அக்காவோ அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்திருந்தாலும் சலுகை கிடையாது. இதை மறைத்துச் சான்று வாங்கிப் பின்னால் மாட்டிக்கொண்டால், வக்கீல் ஆகப் போகிறவர் பொய் உறுதிமொழியோடு தொழிலைத் தொடங்குவது போலாகும்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கு இரண்டு வழிகள். பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான வழக்கமான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு 2.5 லட்சம். அறிவிக்கப்பட்ட முன்னணிக் கல்வி நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு மத்திய அரசின் டாப் கிளாஸ் திட்டம். இதில் வரம்பு 8 லட்சம். முழு டியூஷன் கட்டணத்தோடு படிப்புப்படியாக முதல் ஆண்டு 86,000 ரூபாயும் அடுத்த ஆண்டுகளில் 41,000 ரூபாயும் தருகிறார்கள். தனியார் நிறுவனமானால் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 2 லட்சம் உச்சவரம்பு. பழங்குடி மாணவர்களுக்கு இதே போன்ற திட்டம் தனியாக இருக்கிறது. வருமான வரம்பு 6 லட்சம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகளும், பழனி மலையில் பளியர் வீட்டுப் பிள்ளைகளும் இதைத் தெரியாமலே சின்னத் தொகையோடு நின்றுவிடுகிறார்கள். நீங்கள் சேரும் கல்லூரி அந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறதா, எத்தனை இடம் என்று கல்லூரியின் உதவித்தொகை அலுவலரிடம் சேருமுன்னே கேளுங்கள்.

சாதி வரம்பு இல்லாத ஒன்று: +2 மதிப்பெண்ணில் 80 பெர்சென்டைலுக்கு மேல் (அதாவது உங்கள் வாரியத்தில் எழுதியவர்களில் மேலே உள்ள 20 சதவீதத்துக்குள்), குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் தேசிய உதவித்தொகை இணையதளம் வழியே மத்திய அரசு முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாயும், ஐந்தாண்டுப் படிப்பின் நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் ஆண்டுக்கு 20,000 ரூபாயும் தருகிறது. தேசிய சட்டப் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு இது மூலைக்கும் காணாது. அரசு சட்டக் கல்லூரியில் சேர்ந்தால் கட்டணத்தையும் தாண்டிக் கையில் கொஞ்சம் நிற்கும். எந்தக் கல்லூரி என்பதைப் பொறுத்தே 'முழு' என்ற சொல்லுக்குப் பொருள் மாறுகிறது. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாயை இதோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். மெஸ் பில்லில் ஒரு பகுதி குறையும்.

கிளாட் வழி

தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் +2 மதிப்பெண்தான் அளவுகோல். பெங்களூரு, ஹைதராபாத், திருச்சி நவலூர்குட்டப்பட்டு போன்ற தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்குக் கிளாட் (CLAT) என்ற பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். 120 கேள்வி, 2 மணி நேரம், தவறான விடைக்கு 0.25 குறையும். எல்லாம் ஆங்கிலத்தில், பத்தி பத்தியாகப் படித்து விடை சொல்லும் முறையில். தமிழ்வழிப் பிள்ளைகள் தோற்பது சட்டத்தில் அல்ல, வேகத்தில். 450 சொல் உள்ள ஓர் ஆங்கிலத் தலையங்கத்தை மூன்று நிமிடத்துக்குள் படித்து, அது என்ன வாதம் செய்கிறது என்று தமிழில் இரண்டு வரி எழுதிப் பழகுங்கள். தினமும் இரண்டு என்று ஓர் ஆண்டு செய்தால் போதும். பயிற்சி மையத்துக்குப் பணம் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

தேர்வு டிசம்பரில். வடகிழக்குப் பருவமழைக் காலம். மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையிலோ வத்தலக்குண்டு மலைச்சாலையிலோ ஒரு மரம் விழுந்தால் ஓராண்டு உழைப்பு போச்சு. முதல் நாள் மதியமே இறங்கி, கோவையிலோ மதுரையிலோ தேர்வு மையத்துக்கு அருகில் தங்குங்கள்.

வசதியில்லாத மாணவர்களைக் கண்டுபிடித்துக் கிளாட் பயிற்சி கொடுத்து, இடம் கிடைத்தால் கட்டணத்துக்கும் ஏற்பாடு செய்யும் அமைப்பு 'இடியா' (IDIA). 2010இல் இதைத் தொடங்கியவர் சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர். 2019இல் காலமானார். சட்டப் பள்ளிகளில் வசதியான வீட்டு, ஆங்கிலம் பேசும் பிள்ளைகளே நிறைந்திருப்பதை மாற்ற வேண்டும் என்பது அவர் நோக்கம். கிராமப்புறம், தமிழ்வழி, மாற்றுத்திறன், குறைந்த வருமானம் ஆகியவை இங்கே மறைக்க வேண்டிய விஷயங்களே இல்லை. தேர்வுக்கான முதல் வரியே அவைதான்.

ஆதித்ய பிர்லா உதவித்தொகை இதற்கு நேர் எதிர். 1995இல் மறைந்த தொழிலதிபர் ஆதித்ய விக்ரம் பிர்லாவின் நினைவாக 1999இல் தொடங்கியது; பின்னர் சட்டக் கல்லூரிகளுக்கும் விரிந்தது. நுழைவுத் தேர்வுத் தரவரிசையில் மேலே இருப்பவர்களைக் கல்லூரியே விண்ணப்பிக்க அழைக்கும். கட்டுரை, நேர்காணல் உண்டு. வறுமையை எழுதி இங்கே பயன் இல்லை. தலைமைப் பண்பு, முயற்சி, செய்து காட்டியது ஆகியவற்றைத்தான் தேடுகிறார்கள். ஒரே கட்டுரையை இரண்டு இடத்துக்கும் அனுப்பினால் இரண்டு இடத்திலும் தோற்கலாம்.

ஜே.என். டாடா அறநிதி பற்றி ஓர் எச்சரிக்கை. 1892இல் ஜம்ஷெட்ஜி டாடா தொடங்கிய புகழ்பெற்ற நிதி அது. ஆனால் தருவது கடன் உதவித்தொகை. திருப்பிக் கட்ட வேண்டும். பெயரில் 'ஸ்காலர்ஷிப்' என்றிருப்பதால் இனாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

கடல் கடந்தால்: பெயர்களைப் படிக்கும் முறை

அமெரிக்காவில் சட்டம் என்பது முதல் பட்டத்துக்குப் பிறகு மூன்றாண்டு ஜே.டி. படிப்பு. அங்குள்ள புகழ்பெற்ற முழுக் கட்டண விருதுகள் பலவும் ஜே.டி.க்கானவை. இங்கே எல்எல்.பி. முடித்தவர் வழக்கமாகப் போவது எல்எல்.எம். என்ற ஓராண்டுச் சட்ட முதுகலைப் படிப்புக்கு. இந்த வேறுபாடு தெரியாமல் தகுதியே இல்லாத விருதுக்கு மாதக்கணக்கில் உழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ரூட்–டில்டன்–கெர்ன் விருதை எடுத்துக்கொள்ளுங்கள். 1951இல் தொடங்கியது. எலிஹு ரூட் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்தவர், 1912ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பெற்றவர். சாமுவேல் டில்டன் நியூயார்க் ஆளுநர், 1876 அதிபர் தேர்தல் வேட்பாளர். மூன்றாவது பெயரான ஜெரோம் கெர்ன் பின்னாளில் பெருந்தொகை கொடுத்த முன்னாள் மாணவர். முதல் இரண்டு பெயர்களும் நோக்கத்தைச் சொல்கின்றன, மூன்றாவது பணத்தைச் சொல்கிறது. பொதுநலச் சட்டப் பணிக்கு வருவேன் என்று உறுதி கொடுப்பவர்களுக்கே இந்த விருது. கார்ப்பரேட் நிறுவனத்தில் சேர ஆசைப்படுபவர் இதற்கு விண்ணப்பிப்பது வீண்.

அதே கல்லூரியில் ஆன்பிரைஸ் விருது, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டமேற்படிப்புக்கு வருபவர்களுக்கு. நம்மூர் முதல் பட்டதாரிச் சலுகையின் அக்கரைச் சகோதரி. எல்எல்.எம். போகிற வெளிநாட்டு மாணவர்களுக்கு அங்கே இருப்பது ரீட்டா ஹவுசர், கஸ்டேவ் ஹவுசர் தம்பதியின் பெயரிலான ஹவுசர் குளோபல் விருது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் கார்ஷ்–டில்லார்ட் விருதிலும் இதே அமைப்பு: கார்ஷ் தம்பதி கொடையாளர்கள்; டில்லார்ட் அந்தச் சட்டப் பள்ளியின் டீன், பிறகு சர்வதேச நீதிமன்ற நீதிபதி. டியூக் பல்கலைக்கழகத்தின் மோர்டெகாய் விருதோ பணம் கொடுத்தவர் பெயரில் இல்லை; அந்தச் சட்டப் பள்ளியின் முதல் டீன் பெயரில் இருக்கிறது. இரட்டைப் பெயரைப் பார்த்தால் யார் பணம், யார் நினைவு என்று பிரித்துப் பாருங்கள். கட்டுரையில் இடம்பெற வேண்டியது நினைவுக்குரியவரின் வாழ்க்கைப் பணிதான். கொடையாளரைப் புகழ்ந்தால் குழு சங்கடப்படும்.

யேல், ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு சட்டப் பள்ளிகள் ஜே.டி.க்கு மதிப்பெண் அடிப்படையில் கட்டணச் சலுகை தருவதில்லை. குடும்ப வசதியைப் பார்த்து மட்டுமே தருகின்றன. யேல் 2022இல் அறிவித்த ஹர்ஸ்ட் ஹொரைசன் திட்டம் மிகவும் ஏழ்மையான மாணவர்களுக்கு முழுக் கட்டணத்தையும் ஏற்கிறது. (அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேல் நம் புனித ஜார்ஜ் கோட்டை ஆளுநராக இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது.)

ஆக்ஸ்ஃபோர்டுக்கு அழைத்துப்போகும் ரோட்ஸ் உதவித்தொகை, தெற்கு ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் ஆதிக்கத்தை விரித்த சுரங்க முதலாளி செசில் ரோட்ஸின் உயிலிலிருந்து 1902இல் பிறந்தது. இந்தியர்களுக்கு 1947 முதல். உயில் ஆண்களுக்கு மட்டுமே என்றது. பிரிட்டனில் பாலினப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்த பிறகு 1977 முதல் பெண்களும் வந்தார்கள். ரோட்ஸ் ஆப்பிரிக்காவில் செய்தவற்றை நேர்காணலில் கேட்டால் மழுப்பாதீர்கள். அந்த வரலாறு தெரியும், அந்தப் பணத்தை எதற்குப் பயன்படுத்துவேன் என்று நேராகச் சொல்பவரைக் குழு மதிக்கும்.

அமெரிக்க அறிவிப்புகளில் 'கண்டிஷனல்' என்ற சொல்லைத் தேடுங்கள். குறிப்பிட்ட கிரேடுக்குக் கீழே போனால் அடுத்த ஆண்டு உதவி நிற்கும் என்று பொருள். வகுப்பில் இத்தனை பேருக்குத்தான் இந்த கிரேடு என்று முன்பே வரையறுத்திருக்கும் பள்ளிகளில், நன்றாகப் படித்தாலும் சிலர் இழந்தே தீர வேண்டும். ஆண்டுதோறும் எத்தனை பேர் இழந்தார்கள் என்பதை அங்கீகாரம் பெற்ற சட்டப் பள்ளிகள் வெளியிட்டாக வேண்டும். அந்தத் தாளைப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

சான்றிதழ்கள்: மதிப்பெண் குறைவால் போவதைவிட இதில் போவதுதான் அதிகம்

பெயரில் தொடங்குங்கள். மார்க் ஷீட்டில் 'ச. ரேவதி', ஆதாரில் 'ரேவதி சந்திரன்', பேங்க் பாஸ்புக்கில் 'ரேவதி எஸ்' என்று இருந்தால் கணினிக்கு அவர்கள் மூன்று பேர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளதை அடிப்படையாக வைத்து ஆதாரையும் பேங்கையும் திருத்துங்கள். இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

அடுத்து பேங்க் கணக்கு. அரசுப் பணம் ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும், நீங்கள் படிவத்தில் எழுதிய கணக்குக்கு அல்ல. கேஸ் மானியத்துக்கோ வேறு எதற்கோ எப்போதோ திறந்து மறந்துபோன கணக்கில் உதவித்தொகை விழுந்து கிடப்பது சாதாரணமாக நடக்கிறது. 'ஆதார் சீடிங் எந்த பேங்கில் இருக்கிறது' என்று பேங்கில் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். 18 வயதுக்கு முன் திறந்த மைனர் கணக்கானால் மாற்றிக்கொள்ளுங்கள்.

சாதிச் சான்று பழங்குடியினருக்குத் தாசில்தார் தரமாட்டார், ஆர்.டி.ஓ. எனப்படும் வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். கோத்தகிரி தாலுகாக்காரர்கள் குன்னூர் ஆர்.டி.ஓ.விடம், பந்தலூர்க்காரர்கள் கூடலூர் ஆர்.டி.ஓ.விடம் போக வேண்டும். விசாரணைக்கு நாள் பிடிக்கும். +1 படிக்கும்போதே வாங்கிவிடுவது உத்தமம். படுகர் வீட்டுப் பிள்ளைகள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவதால் அவர்களுக்குத் தாலுகா அலுவலகச் சான்று போதும். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள், தாத்தா பாட்டி பெயரில் இருக்கும் தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். பூர்வீகம் எது என்ற கேள்விக்கு அதுதான் கையில் இருக்கும் பதில்.

வருமானச் சான்று ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தேவைப்படும். தோட்டத் தொழிலாளி என்றால் சம்பளச் சீட்டு. சொந்தத் தேயிலை அரை ஏக்கர், ஓர் ஏக்கர் என்றால் ஃபேக்டரிக்கு இலை போட்ட ரசீதுகள். வி.ஏ.ஓ. கேட்கும்போது இல்லை என்று நின்றால் அவர் மதிப்பிட்டு எழுதும் தொகைதான் நிற்கும். இ-சேவையில் விண்ணப்பித்த பிறகு சான்றில் பெயரின் எழுத்து, தந்தை பெயர், தொகை மூன்றையும் அங்கேயே படித்துப் பாருங்கள். கடைசித் தேதி வரை காத்திருக்க வேண்டாம். மஞ்சூரிலோ பூம்பாறையிலோ அன்றைக்குத்தான் நெட்வொர்க் போகும்.

கட்டுரை

குழு ஒரு நாளில் நூறு கட்டுரை படிக்கும். 'சிறு வயது முதலே நீதிக்காகப் போராட வேண்டும் என்பது என் கனவு' என்று தொடங்கினால் அது 101ஆவது. மலையில் வளர்ந்தவர்களுக்கு எழுதப் பஞ்சமே இல்லை. நாடு முழுவதும் காடு என்றால் என்ன என்பதை வரையறுத்த கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு கூடலூர்க் காட்டு மரங்களிலிருந்து 1995இல் எழுந்தது. சீகூர் யானை வழித்தடத் தீர்ப்பு 2020. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது சென்னை உயர் நீதிமன்ற ஆணையால், 2024 மே மாதம். வன உரிமைச் சட்டம் 2006 உங்கள் பக்கத்துக் கிராமத்தில் எப்படி அமலாகிறது என்று கிராம சபையில் உட்கார்ந்து பார்த்தவர் பெரிய நகரத்து மாணவரைவிட ஒரு படி மேலே.

மாதிரிக்கு ஒரு பத்தி:

"எங்கள் தெருமுனை வரை மின்கம்பம் இருக்கிறது. வீட்டில் மின்சாரம் இல்லை. நிலம் 17ஆம் பிரிவில் வருகிறது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். கூடலூர் ஜென்ம நிலச் சட்டம் 1969ஐ எடுத்து அந்தப் பிரிவைப் படித்தேன். தோட்டக் குத்தகைகளுக்காக எழுதப்பட்ட பிரிவு அது. இரண்டு அறை வீட்டுக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் சட்டம் படிக்க வருகிறேன்."

இதில் அழுகை இல்லை, ஆண்டு இருக்கிறது, பிரிவு இருக்கிறது, படித்துப் பார்த்த தடயம் இருக்கிறது. உங்கள் கட்டுரையில் உங்கள் பிரச்சினையை எழுதுங்கள். இந்தப் பத்தியை நகலெடுத்தால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். வேறு யாரிடமாவது எழுதி வாங்கினாலும் நேர்காணலில் இரண்டாம் கேள்வியிலேயே வெளுத்துவிடும்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பதவிக்காரரைத் தேடாதீர்கள். உங்களைத் தெரிந்த ஆசிரியரிடம் நான்கு வாரம் முன்பே கேளுங்கள். நீங்கள் எழுதிய நல்ல தாள் ஒன்று, செய்த வேலைகளின் ஒரு பக்கக் குறிப்பு, விருதின் நோக்கம் பற்றி இரண்டு வரி, இவற்றை அவரிடம் கொடுங்கள். 'ஒழுக்கமான, கடின உழைப்பாளி' என்று மட்டும் இருக்கும் கடிதத்தால் எந்தப் பயனும் இல்லை.

கிடைத்த பிறகு

புதுப்பிப்பு நிபந்தனையை மேசைக்கு எதிரே ஒட்டி வையுங்கள். மேலே சொன்ன, சாதி வரம்பு இல்லாத மத்திய அரசு உதவித்தொகைக்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். வீட்டில் விசேஷம், படுகர்களின் ஹெத்தை ஹப்பா திருவிழா, சாவு என்று ஊருக்கு வந்து போகும் நாள்களில் வருகை கரையும். மலைக்கு வர ஒரு நாள், திரும்ப ஒரு நாள். செமஸ்டர் தொடக்கத்திலேயே எத்தனை நாள் விடுப்பு தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு உதவித்தொகைகளைச் சேர்த்து வாங்கக் கூடாது என்ற விதி பலவற்றில் உண்டு. இரண்டாவது கிடைத்தால் மறைக்காமல் எழுதிக் கேளுங்கள். பின்னால் தெரிந்தால் முழுத் தொகையையும் திருப்பக் கேட்பார்கள்.

கொடையாளர் குடும்பத்துக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொன்னால் பெரும்பாலோர் இணையத்திலிருந்து எடுத்து ஒப்பேற்றுவார்கள். அந்தக் கடிதம் அடுத்த ஆண்டு அந்தக் குடும்பம் நிதியில் இன்னும் கொஞ்சம் சேர்க்குமா என்பதை முடிவு செய்யக்கூடியது. ஒரு பக்கம் போதும்:

"மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். தங்கள் தந்தையார் நினைவாக வழங்கப்படும் உதவித்தொகை இந்த ஆண்டு எனக்குக் கிடைத்தது. நான் கோத்தகிரி அருகே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறேன். இந்தப் பருவத்தில் ஒப்பந்தச் சட்டமும் அரசியலமைப்புச் சட்டமும் படித்தேன். விடுமுறையில் இலவசச் சட்ட உதவி மையத்தில் முதியோர் உதவித்தொகை மனுக்கள் எழுதிக் கொடுத்தேன். அவர் வழக்கறிஞராக இருந்த காலத்தில் எந்தெந்த வழக்குகளை நடத்தினார் என்று அறிய ஆசை. நேரம் இருந்தால் எழுதுங்கள்."

பணம் இன்னும் வேண்டும் என்று அதில் கேட்கக் கூடாது. கஷ்டத்தை விரிக்கவும் கூடாது. கடைசி வரியில் உள்ள கேள்வி முக்கியம். பதில் கடிதம் வந்தால் உங்களுக்கு ஒரு மூத்த தொடர்பு கிடைத்துவிட்டது.

படிப்பு முடிந்து பார் கவுன்சிலில் பதிவு செய்யும் செலவையும் ஐந்தாம் ஆண்டுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். பல மாநிலங்களில் பல்லாயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்த பதிவுக் கட்டணத்தை 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கறிஞர் சட்டத்தில் உள்ள அளவுக்கே திருப்பியது: பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் அந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள்.